எல்லோருக்கும் ஒத்துவரும் பூச்சு

அன்று காலையும் ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை.

நிரோஷா நுணுக்குக்காட்டியிலிருந்து தலையை எடுத்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தாள். தட்டுக்குள் இருந்த செல்கள் எல்லாம் உருண்டை உருண்டையாக, கஞ்சியில் சவ்வரிசி மிதப்பது போல மிதந்துகொண்டிருந்தன. தட்டை மெல்ல ஆட்டினால் அவையும் ஆடின. வேலைவெட்டி இல்லாதவர்கள் மாதிரி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய் வந்தன.

"எப்படி ஈக்கி தங்கச்சி?" என்று பின்னாலிருந்து ஸாகி கேட்டார். ஆய்வுகூடத்தில் இயந்திரங்களையும் எலிகளையும் கழுவ வேண்டிய தட்டுகளையும் பார்த்துக்கொள்பவர் அவர்; நிரோஷாவுக்கு அண்ணன் முறையில் 'நானா'.

"மிதக்குது நானா."

"நேத்தும் மிதந்திச்சே."

"நேத்தைவிட இன்னைக்குக் கூடுதலா மிதக்குது."

ஸாகி, சாவு விழுந்த மையித்து வீட்டில் நிற்பவர் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். பிறகு தட்டுகளைக் கழுவப் போனார்.

கண்டியிலிருந்து குண்டசாலைக்குப் போகும் வழியில், ஆற்றுப் பக்கம் இறங்கும் ஒரு சரிவில் அந்த ஆய்வுகூடம் இருந்தது. தீக்காயத்துக்கு மேலே வைப்பதற்குத் தோலை வளர்த்துப் பார்க்கும் இடம் அது. நிரோஷா அங்கே தற்காலிக உதவியாளராகச் சேர்ந்து ஒரு வருடமாகிறது. சேர்ந்த நாளிலிருந்து அவள் வளர்த்தது தோல் செல்களை மட்டுந்தான்.

தோல் செல்லுக்கு ஒரு குணம் உண்டு. எதையாவது பிடித்துக்கொண்டால்தான் அது வாழும். வெறும் பிளாஸ்டிக் தட்டில் விட்டால், சிவப்புப் பொலிஷ் போட்ட தரையில் ஈரக்காலோடு இறங்கியவர் மாதிரித் தடுமாறும். அதனால் தட்டின் அடியில் முதலில் ஒரு புரதத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிதாகப் பூசி வைப்பார்கள். ஜெலட்டின், கொலாஜன் என்று அதில் பல வகை உண்டு. செல் வந்து அந்தப் பூச்சைப் பிடித்துக்கொண்டு கைகாலை நீட்டிப் படுத்துவிடும். படுத்த பிறகுதான் பெருகும். படுக்காமல் உருண்டு மேலே மிதந்தால் அதன் கதை முடிந்தது. நிரோஷா கற்றுக்கொண்டது இவ்வளவுதான். கற்றுக்கொண்டதை ஒரு பிழையில்லாமல் செய்துவந்தாள்.

அவளுடைய கெட்ட காலம், ஆய்வுகூடத்தின் தலைவர் டொக்டர் விமலநாதன் ஜப்பானுக்குப் புறப்பட்ட அன்று தொடங்கியது. காருக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டே அவர் ஒரு புதுப் போத்தலை அவள் கையில் கொடுத்தார்.

"இலங்கையிலை வேறை ஒருத்தரிட்டையும் இல்லாத சாமான் பிள்ளை, கவனமாப் பாரும். நான் வரேக்கை இது நல்லாப் பெருகியிருந்தால் உம்மடை வேலையை நிரந்தரமாக்கிறதைப் பற்றிக் கதைப்பம்."

சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் தனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம் என்றும், தானாகச் சமாளிக்கிற ஆள்தான் தனக்கு வேண்டும் என்றும் சொன்னார். மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருடைய மனைவி பத்மாதேவி, கம்பளி மேலங்கியை விட்டுவிட்டுப் போகிறார் என்று வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்ததால் பேச்சு மேலங்கிக்கு மாறி, கார் போயே போய்விட்டது.

அன்றே நிரோஷா போத்தலை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் மிதந்தன. பிரயாணத்தில் குலுங்கிய களைப்பாக இருக்கும் என்று நினைத்து, அவற்றில் கொஞ்சத்தை ஒரு தட்டில் விட்டாள். மறுநாளும் மிதந்தன. அதற்கு அடுத்த நாளும் மிதந்தன. உயிர் இருக்கிறதா இல்லையா என்று காட்டிக்கொடுக்கும் நீலச் சாயம் ஆய்வுகூடத்தில் முடிந்து, கொழும்பிலிருந்து வர வேண்டியிருந்தது. ஆனால் உருண்டு மிதப்பதைப் பார்த்த பிறகு சாயம் எதற்கு?

தெல்தெனியவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அவளுடைய அம்மா ராக்கம்மா, மகள் தோல் செய்கிறாள் என்றும், டொக்டர் ஊருக்கு வந்ததும் மகளை நிரந்தரமாக்கப் போகிறார் என்றும் லயத்து வீட்டு வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சொல்லி முடித்திருந்தாள். வேலை போனால் நிரோஷா கண்டி டவுனில் முன்பு நின்ற புடவைக் கடையில் மறுபடியும் போய் நின்று, வாங்காமல் போகிறவர்கள் விரித்துப்போட்ட சேலைகளை மடிக்க வேண்டியதுதான். அந்தக் கடை முதலாளி இப்போதும் அவளைக் கண்டால் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே அவள் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவாள்.

பூச்சுப் போதவில்லை என்பதுதான் அவளுக்குத் தோன்றிய ஒரே காரணம். அத்தனை பிணங்களுக்கு நடுவே உயிருள்ளது ஒன்றிரண்டாவது இருக்கும், பிடிக்க நல்ல இடம் கிடைத்தால் அது பிழைத்துக்கொள்ளும் என்று நம்பினாள். எனவே மிதந்தவற்றை வீசாமல் போத்தலிலேயே திரும்பச் சேர்த்து வைத்தாள்.

"வீசலயா தங்கச்சி?" என்று ஸாகி கேட்டார்.

"சேரோட சாமான் நானா. வந்து கேட்டா பொணத்தையாவது காட்டணும்ல."

மற்றத் தட்டுகளுக்குத் தீனி, அதாவது செல்கள் மூழ்கிக் கிடக்கும் ஊட்டச் சாறு, மாற்றும்போது அந்தப் போத்தலுக்கும் ஊற்றினாள். ஸாகி புருவத்தைத் தூக்கவே, தங்கள் தோட்டத்தில் செத்தவர்களுக்குச் சோறு வைக்காமல் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள் என்று விளக்கம் சொன்னாள்.

"எங்கள்ளயும் மவுத்தானவங்க பேருல கத்தம் ஓதிச் சோறு குடுக்கிறதானே," என்றார் ஸாகி. "ஆனா அத உசிரோட ஈக்கிறவங்களுக்குத்தான் குடுக்கிற."

அடுத்ததாக அவள் அலுமாரியைத் திறந்து ஜெலட்டின் போத்தலை எடுத்தாள். இம்முறை கொஞ்சம் தடிப்பாகப் பூச நினைத்தாள். அவள் அதை எடுத்ததும் ஸாகி ஓர் அடி தள்ளி நின்றதை அன்றுதான் கவனித்தாள். கேட்டதற்கு முதலில் மழுப்பினார். பிறகு, அது பன்றியின் ஜெலட்டின் என்றும், தனக்கு அதில் ஒரு பிரச்சினையும் இல்லை என்றும், கழுவும்போது கையுறைக்கு மேலே இன்னொரு கையுறை போட்டுக்கொள்வதாகவும் சொன்னார்.

நிரோஷாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு வருடமாக அவள் பூசிப் பூசிக் கொடுத்த தட்டுகளை எல்லாம் இந்த மனிதர் இரட்டைக் கையுறையோடு கழுவியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இனிமே இது வேணாம் நானா."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. என்னால உங்கட வேல கெடப் போகுது."

"கெட்டாலும் பரவாயில்ல."

"கெட்டாப் பரவாயில்லண்டு எப்படிச் சொல்ற? நான் வேணுமெண்டா மூணு கையுறை போடுறேன்."

இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததிலேயே அந்தக் காலைப்பொழுது போனது. கடைசியில் அலுமாரியின் பின்வரிசையில் மாட்டு ஜெலட்டின் பொதி ஒன்று பிரிக்காமல் இருப்பதை ஸாகி கண்டுபிடித்தார். பிரச்சினை தீர்ந்தது என்று இருவரும் நினைத்தார்கள். ஆனால் ஜெலட்டினைக் கரைத்து, கிருமி போக நீராவியில் வேகவைக்க வேண்டும். அதற்கான ஓட்டோகிளேவ் பழுதாகி, உதிரிப்பாகத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. ஒரு நல்ல பிரஷர் குக்கர் கிடைத்தால் போதும்.

நிரோஷா தங்கியிருந்தது குண்டசாலையில், டொக்டரின் வீட்டோடு சேர்ந்த ஓர் அறையில். பத்மாதேவியின் சமையலறையில் பெரிய குக்கர் ஒன்று பளபளவென்று இருந்தது. ஆனால் அந்தச் சமையலறைக்குள் முட்டை போட்ட கேக் கூட வந்ததில்லை. மாட்டை அதற்குள் கொண்டுபோவதை நினைத்தே பார்க்க முடியாது.

"அப்ப எங்கட வீட்டுக்கு வாங்க," என்றார் ஸாகி.

அன்று வேலை முடிந்ததும் இருவரும் பஸ் ஏறி அலவத்துகொடவுக்குப் போனார்கள். ஸாகியின் மனைவி சித்தி றலியா வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு மெலிந்த பிள்ளையைத் தான் கண்டதே இல்லை என்று கவலைப்பட்டார். ஜெலட்டின் கரைத்த போத்தலை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அவளை முன்னறையில் உட்காரவைத்து, தேத்தண்ணியும் வட்டிலப்பமும் கொடுத்து, அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இன்னொரு துண்டையும் வைத்தார். குக்கர் விசிலடித்தது. எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

மறுநாள் தட்டுகளைப் பூசினாள். அதற்கு மறுநாள் இன்கியுபேட்டரின் கதவைத் திறந்தபோது, சிற்றெறும்புகள் கதவிடுக்கு வழியாக வரிசையாகப் போய் வந்துகொண்டிருந்தன. செல்களை வைத்துக் கதகதப்பாக வளர்க்கும் அந்தப் பெட்டியில் அதுவரை ஒரு தூசுகூட இருந்ததில்லை. பூசிய தட்டுகளின் விளிம்பெல்லாம் எறும்பு.

ஸாகி வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் விட்டார்.

"சப்பெண்டு ஈந்திச்சி," என்றார் சித்தி றலியா. "சீனியும் ஏலக்காயும் கொஞ்சம் போட்டேன். அதுகளும் வாயுள்ள ஜீவன்தானே."

ஸாகி போனை வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்தார். நிரோஷா அவருக்கு ஆறுதல் சொன்னாள். நல்ல மனதோடு செய்ததுதானே என்றாள். எறும்பு மொய்த்த தட்டுகளைக் கனத்த மனதோடு வீசினாள். போத்தல் மட்டும் மூடி இறுகியிருந்ததால் தப்பியது. அதில் மிதந்தவை இன்னும் கூடியிருந்தன. தீனி ஊற்றும்போது ரோஸ் நிறமாக இருப்பது, இரண்டொரு நாளில் மஞ்சளாகிவிட்டது.

"யாரு தங்கச்சி இதக் குடிக்கிற?"

"யாரும் குடிக்கல நானா. புளிச்சுப் போகுது."

பிணங்கள் கூடியதால் அவற்றைப் பெரிய போத்தல் ஒன்றுக்கு மாற்றினாள்.

எறும்பைப் போக்க இன்கியுபேட்டரைக் கழற்றிக் கழுவிக் காயவைக்க வேண்டும், அன்றைக்கு அதை மறுபடி பொருத்த முடியாது என்று ஸாகி சொல்லிவிட்டார். போத்தலுக்கு உடம்புச் சூடு வேண்டும். உடம்புச் சூட்டுக்கு நிரோஷாவுக்குத் தெரிந்த ஒரே இடம் உடம்புதான். போத்தலிலிருந்து ஒரு பங்கைச் சின்னக் குப்பியில் எடுத்துத் துணியில் சுற்றி இடது கைக்கடியில், அக்குளுக்குள், வைத்து இறுக்கிக்கொண்டாள். பெரிய போத்தலை ஸாகி எலிகள் இருக்கும் அறையில், சூட்டு விளக்கின் அடியில் வைத்துக்கொண்டார்.

குண்டசாலை பஸ்ஸில் நல்ல நெரிசல். மேலே பிடிக்க ஒரு கைதான் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவள் யாராவது ஒருவர் மேல் சாய்ந்தாள். இறங்கும்போது கொண்டக்டர் அவளுக்குச் சுகமில்லையோ என்று நினைத்து, அவள் நடைபாதைக்குப் போய்ச் சேரும்வரை பஸ்ஸை நிறுத்தி வைத்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது பத்மாதேவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்கு இடக்கை வழங்கேல்லையோ?"

"இல்ல அன்ரி. நல்லாத்தான் இருக்கு."

"அப்ப தண்ணிக் கோப்பையை எடும் பாப்பம்."

நிரோஷா முழங்கையை விலாவோடு ஒட்டவைத்தபடியே முன்கையை மட்டும் நீட்டிக் கோப்பையை எடுத்தாள். பத்மாதேவி பெருமூச்சு விட்டார். சாப்பிட்டு முடிந்ததும் நல்லெண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு ஜப்பானிலிருந்து கணவர் பேசியபோது, பிள்ளைக்கு ஒரு கை விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று சொன்னார். அறைக்குள்ளிருந்து நிரோஷாவுக்கு அது கேட்டது. மறுத்துச் சொல்ல வெளியே போனால் கையைத் தூக்கிக் காட்ட வேண்டி வரும். போகவில்லை.

அடுத்த நாள் இன்கியுபேட்டர் காய்ந்தது. குப்பியில் இருந்தவையும் ஒட்டவில்லை. அவற்றையும் போத்தலில் சேர்த்தாள்.

இனி என்ன பூசுவது என்று இருவரும் யோசித்தார்கள். பன்றி அலவத்துகொடவுக்கு ஆகாது. மாடு குண்டசாலைக்கு ஆகாது. மாடு அலவத்துகொடவுக்கு ஆனாலும் அங்கே சீனி போட்டுவிடுவார்கள். அப்போது ஸாகிக்கு ஒரு யோசனை வந்தது. எலியின் வாலில் இருக்கும் தசைநாரில் நல்ல கொலாஜன் இருக்கிறது என்று டொக்டர் ஒருமுறை யாருக்கோ சொல்லக் கேட்டிருக்கிறார். எலிகளோ அவர் பொறுப்பில்தான் இருக்கின்றன. வயதாகிச் செத்தவற்றின் வால்கள் குளிர்ப்பெட்டியில் இருந்தன. வேகவைக்கவே தேவையில்லை. புளிப்பில் ஊறப்போட்டால் போதும்.

நிரோஷாவுக்கு நெஞ்சு இலேசானது. எலியை யாரும் சாப்பிடுவதும் இல்லை, கும்பிடுவதும் இல்லை. எந்தப் பக்கத்தாருக்கும் குறையில்லாத ஒரு மிருகம் கடைசியில் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

ஊறப்போடும் அசிட்டிக் அமிலமும் ஆய்வுகூடத்தில் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. எனவே மாலையில் பத்மாதேவியிடம் கொஞ்சம் வினாகிரி கேட்டாள். எதற்கு என்று பத்மாதேவி கேட்டார். நிரோஷாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாள்.

பத்மாதேவி அடுப்பை அணைத்தார். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எலியோ?"

"வால் மட்டுந்தான் அன்ரி. அதுவும் தானா செத்தது."

"பிள்ளையாற்றை வாகனமெல்லோ அது."

நிரோஷாவுக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. அந்த வீட்டின் வாசலில் பிள்ளையார், சாமியறையில் பிள்ளையார், அவள் தினமும் சாப்பிடும் மேசைக்கு நேர்மேலே இருக்கும் கலண்டரிலும் பிள்ளையார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பத்மாதேவியின் யோசனை அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது.

"அப்ப உவர் அங்கை எலி வைச்சிருக்கிறாரோ?"

நிரோஷா அணைந்த அடுப்பைப் பார்த்தாள்.

"கலியாணம் செய்த நாளிலையிருந்து எனக்குச் சொன்னது, தான் பிளாஸ்டிக் தட்டோடை மட்டும்தான் வேலை செய்யிறனெண்டு."

அன்றைக்கு ஜப்பானிலிருந்து வந்த அழைப்பு நீண்ட நேரம் போனது. பெரும்பகுதியில் பத்மாதேவிதான் பேசினார். இடையிடையே "எத்தினை எலி?" என்ற கேள்வி மட்டும் நிரோஷாவின் அறைவரை வந்தது. வேலையை நிரந்தரமாக்கப் போகிறவருடைய குடும்பத்துக்குள் தானே நெருப்பை வைத்துவிட்டோம் என்று அவள் போர்வைக்குள் சுருண்டு படுத்தாள்.

மறுநாள் காலை, எலியும் வேண்டாம் என்று ஸாகியிடம் சொன்னாள். யாருடைய மனமும் நோகாத ஒன்றுதான் வேண்டும் என்றாள்.

"அப்ப மனிசன்தான் மிச்சம்," என்றார் ஸாகி, பகிடியாக.

நிரோஷா அதைப் பகிடியாக எடுக்கவில்லை. மனித இரத்தத்தின் தெளிந்த நீரிலும் செல் பிடித்துக்கொள்ளும் புரதம் உண்டு என்று அவள் படித்திருந்தாள். தன் இரத்தம் பன்றியுமில்லை, மாடுமில்லை, எந்தச் சாமியின் வாகனமும் இல்லை. யாரிடமும் கேட்க வேண்டியதுமில்லை. கட்டுகஸ்தோட்டையில் தாதியாக இருந்த ஸாகியின் மச்சாள் மத்தியானம் வந்து, ஒரு சிரிஞ்சு நிறைய எடுத்துக் கொடுத்துவிட்டு, நன்றாகச் சாப்பிடச் சொல்லிப் போனார். நிரோஷா அதைச் சுழற்றித் தெளியவைத்து, இதமாகச் சுடவைத்து, வடித்து, தட்டுகளில் பூசினாள். காய்ந்ததும் போத்தலிலிருந்து ஒரு பங்கை அவற்றில் விட்டாள். இதற்கும் ஒட்டாவிட்டால் இனி எதற்கு ஒட்டப்போகின்றன?

வீட்டுக்குப் போனபோது பத்மாதேவியின் கண் நேரே முழங்கையில் இருந்த பிளாஸ்டருக்குப் போனது. என்ன என்று கேட்டார். இரத்தம் எடுத்தது என்றாள் நிரோஷா. ஏன் எடுத்தது என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. முந்தைய நாள் எலியைச் சொல்லிப் பட்டது போதும் என்றிருந்தது.

பத்மாதேவி தானாகவே முடிவுக்கு வந்தார். முதலில் கை வழங்கவில்லை, இப்போது இரத்தப் பரிசோதனை. பிள்ளைக்கு ஏதோ பெரிய வருத்தம், தாய்தகப்பனுக்குப் பயந்து மறைக்கிறாள். அன்றிலிருந்து காலையில் பீட்ரூட் சாறும், மத்தியானத்துக்கு முருங்கையிலை வறையும், இரவில் பேரீச்சம்பழமும் வந்தன. எலி விவகாரத்தைக்கூட மறந்து, அவர் கணவரிடம் அழுதழுது சொன்னார்: "ஊரான் வீட்டுப் பிள்ளையை எங்களை நம்பி விட்டிருக்கினம். நீங்கள் உடனை வாங்கோ."

டொக்டர் விமலநாதன் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு திங்கட்கிழமை காலையிலேயே வந்துவிடுவார் என்பது சனிக்கிழமை தெரியவந்தது.

நிரோஷா ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஆய்வுகூடத்துக்கு ஓடினாள். தன் இரத்தம் பூசிய தட்டை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தாள். ஒன்றுகூட ஒட்டவில்லை. ஒட்டாதது மட்டுமல்ல, எல்லாத் தட்டுகளையும்விட அதில்தான் அதிகமாக மிதந்தன. பயத்தில் ஒன்று இரண்டாகத் தெரிகிறதோ என்று கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். அப்போதும் இரட்டை இரட்டையாகவே தெரிந்தன. பெரிய போத்தலோ கழுநீர் மாதிரிக் கலங்கிப்போய் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா ராக்கம்மா போனில் பேசினாள். டொக்டர் வருகிறாராமே, நிரந்தரமாகிவிடுமா என்று கேட்டாள்.

"பாக்கலாம்மா."

"பாக்கலாம்னா? நான் கோயில்ல பொங்கலுக்குச் சொல்லிட்டேன் புள்ள."

நிரோஷா போனை வைத்தாள். சன்னலுக்கு வெளியே ஆறு தெரிந்தது. புடவைக் கடை முதலாளியின் சிரிப்பும் தெரிந்தது. பக்கத்துத் தட்டுகளில் அவளுடைய பழைய தோல் செல்கள், அவள் சொல்பேச்சுக் கேட்கிற நல்ல பிள்ளைகள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பாய் விரித்த மாதிரிப் படுத்திருந்தன. அவள் கை தானாகவே அந்தப் பக்கம் போனது. ஒரு சொட்டுத்தான். தன் இரத்தம் பூசிய தட்டில் மிதந்தவற்றைப் போத்தலில் சேர்த்துவிட்டு, தோல் செல்களில் கொஞ்சத்தை அடியிலிருந்து பிரித்து ஒரு சொட்டாக எடுத்து அதில் விட்டாள். வாழ்க்கையில் அவள் செய்த முதல் கள்ள வேலை அது. வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் யாரும் அவளைப் பார்க்காமலேயே, எல்லோரும் பார்ப்பது போல இருந்தது. இரவு பேரீச்சம்பழத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டுப் படுத்தாள்.

திங்கட்கிழமை காலை டொக்டர் விமலநாதன் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஆய்வுகூடத்துக்கு வந்தார். பத்மாதேவியும் ஒரு பிளாஸ்கோடு கூடவே வந்திருந்தார். பிளாஸ்கில் பீட்ரூட் சாறு. டொக்டர் முதலில் நிரோஷாவின் இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னார். தூக்கினாள். மூடித் திறக்கச் சொன்னார். செய்தாள். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பத்மாதேவி பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டு, நேற்றுவரை அப்படி இல்லை என்றார்.

"சரி, என்ரை சாமானைக் காட்டும் பாப்பம்."

நிரோஷா தட்டை வைத்தாள். டொக்டர் குனிந்தார். ஒட்டியிருந்தன. பளிங்குத் தரையில் கோலம் போட்ட மாதிரி, கைகாலை நீட்டி, அழகாக ஒட்டியிருந்தன. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய கழுத்தின் பின்பக்கம் மெல்ல மெல்லச் சிவப்பதை நிரோஷா பார்த்தாள்.

"இதுக்குள்ளை தோல் செல் எப்பிடி வந்தது?" என்று தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"நான்தான் சேர் போட்டேன்."

அதற்கு மேல் அவளால் நிறுத்த முடியவில்லை. பன்றியில் தொடங்கி, மாடு, சீனி, எறும்பு, கைக்கடியில் வைத்த குப்பி, எலிவால், தன் இரத்தம், ஒரு சொட்டுக் கள்ளத்தனம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். யார் மனமும் நோகக் கூடாது என்று பார்த்ததில் சேரின் சாமானைச் சாகவிட்டுவிட்டேன் என்றாள். புடவைக் கடைக்கே போய்விடுகிறேன் என்றும் சொன்னாள். ஸாகி குறுக்கிட்டு, தங்கச்சியில் பிழையில்லை, சீனி தன் வீட்டுச் சீனி என்றார். எலியைத் தடுத்தது தான்தான் என்று பத்மாதேவி மெதுவாக ஒத்துக்கொண்டார். பிறகு நிரோஷாவின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"அப்ப நான் தந்தது எங்கை? எல்லாத்தையும் ஊத்திப்போட்டீரோ?"

டொக்டர் அப்போதுதான் நுணுக்குக்காட்டியிலிருந்து தலையை எடுத்தார்.

"இல்ல சேர். செத்தது எல்லாத்தையும் சேர்த்து வச்சிருக்கேன்." அவள் இன்கியுபேட்டரைத் திறந்து பெரிய போத்தலை இரண்டு கைகளாலும் எடுத்து வந்தாள். "வீச மனசு வரல. மத்ததுக்குத் தீனி வைக்கிறப்போ இதுக்கும் ஒரு படையல் மாதிரி வச்சேன். ஆனா நாளுக்கு நாள் சாவு கூடிக்கிட்டேதான் போச்சு."

டொக்டர் போத்தலை வாங்கினார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்லச் சுழற்றினார். புகை எழும்புவது போல உள்ளே ஏதோ எழும்பிச் சுழன்றது. ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில் விட்டு நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நிரோஷா நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் டொக்டர் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, மனைவியின் கையிலிருந்த பிளாஸ்கை வாங்கி, பீட்ரூட் சாற்றைத் தானே ஒரு மிடறு குடித்தார்.

"பிள்ளை, இது ரத்தச் செல், மிதக்கிறதுதான் இதின்ரை சீவியம், நீர் செத்துப்போச்சுதெண்டு படையல் வைச்சதெல்லாம் புதுசாப் பிறந்தது."